ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) முக்கால்வாசிப் பேருக்குக் கூலிம் ஹைடெக் பார்க் என்ற தொழிற்பேட்டைதான் சோறு போடுகிறது. 1996-இல் அது திறந்த பிறகு, பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறப் பழகினோம். அந்த பஸ்ஸில்தான் நானும் வருடக்கணக்காகப் போய் வந்தேன்.

ஆர்டர் இல்லை என்று எங்கள் உற்பத்தி லைனை மூடினார்கள். ஓ.டி. நின்றபோதே ஓரளவு தெரிந்துவிட்டது. எச்.ஆர். அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு மாதச் சம்பளத்துக்கான செக், பக்கத்தில் என் பெயர் போட்டு அடித்து வைத்த ராஜினாமாக் கடிதம்.

"சைன் வைங்கண்ணே. நாளைக்கு வேற எடத்துல வேலை கேக்கறப்ப, நீங்களா வேலைய விட்டு நின்னீங்கன்னா மரியாதையா இருக்கும்" என்றாள் எச்.ஆர். பெண்.

"நானா நிக்கலையேம்மா. ஆட்குறைப்புன்னு எழுதிக் குடுங்க, சைன் வைக்கிறேன்."

குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண்ணும் மாதச் சம்பளக்காரிதான்; அவளிடம் கத்தி என்ன ஆகப்போகிறது? "ஒரு வாட்டி லேபர் ஆபீஸ்ல கேட்டுட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நாளில் சரியான கடிதம் வந்தது.

நான் அதில் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருக்கிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாத சம்பளக்காரரை ஆட்குறைப்பில் நிறுத்தினால், 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி இழப்பீடு உண்டு. சர்வீஸ் ஒரு வருடமாவது இருந்து இரண்டுக்குக் குறைவு என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். ஐந்து வருடம் தாண்டியவருக்கு 8 வார நோட்டீசும் தர வேண்டும். நீங்களாக ராஜினாமா செய்ததாகக் கையெழுத்து போட்டால் இழப்பீடு போச்சு. சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தரும் எஸ்.ஐ.பி. பணமும், அதாவது வேலை காப்புறுதிப் பணமும் போச்சு.

எஸ்.ஐ.பி. 2018-இல் வந்தது. மாதாமாதம் பே ஸ்லிப்பில் சில்லறையாகப் பிடிப்பார்களே, அதுதான். வேலை போன 60 நாளுக்குள் மனு போட வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்தது. இடையில் வேலை கிடைத்துவிட்டால் மிச்சத் தொகையில் 25 விழுக்காடு தருகிறார்கள்.

கடைசி வாரத்தில், என் மெஷின் எங்கெங்கே மக்கர் பண்ணும் என்று ஒரு நோட்டில் எழுதி அடுத்த ஷிப்ட் டெக்னீஷியனிடம் கொடுத்தேன். "தூக்கிப் போட்டவனுக்கு இது வேறயா?" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். அதைப் பார்த்த எங்கள் சூப்பர்வைசர்தான் பிறகு பினாங்கு பத்து காவானில் ஒரு கம்பெனியில் எனக்காக ஒரு வார்த்தை சொன்னார். இண்டர்வியூவில் ஏன் பழைய வேலையை விட்டு நின்றீர்கள் என்று கேட்டதற்கு, "லைன மூடிட்டாங்க, லெட்டர் இருக்கு" என்றேன். பேச்சு நேரே மெஷினுக்குப் போய்விட்டது. சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவுதான். பரவாயில்லை, வீட்டு லோன் ஓடுகிறது.

அப்பாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அவர் காலத்தில் தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீட்டையும் காலி பண்ண வேண்டும். "வீடு இருக்குல்ல?" என்றுதான் முதலில் கேட்டார்.

இதைப் படித்துவிட்டு லூனாசிலிருந்து ஒரு அக்கா எழுதியது:
தம்பி, வி.எஸ்.எஸ். (கம்பெனி பணம் கொடுத்து விருப்பமுள்ளவர்களை விலகச் சொல்லும் திட்டம்) வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கும் எஸ்.ஐ.பி. உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். பணத்தைவிட, வீட்டில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று இரவே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். பெரியவன் டியூஷனை நிறுத்தட்டுமா என்றான். டியூஷன் வேண்டும், ஆஸ்ட்ரோ டிவிதான் வேண்டாம் என்றேன். அதற்குத்தான் அழுதார்கள்!

பீடோங்கிலிருந்து ஒருவர் எழுதியது:
காரணமே இல்லாமல் நிறுத்திவிட்டதாக நினைப்பவர்கள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் கொடுக்கலாம். அதற்கும் கெடு 60 நாள்தான். முதலாளி கூப்பிட்டுப் பேசுவார் என்று காத்திருந்தே நாளைக் கடத்திவிடாதீர்கள். புகார் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.