பறை 94 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 94 தட்டு) ஆரம்பிச்சு 103ல முடியுது, புராஜெக்ட் 100. யாரை யாருக்கு வளைக்கிறது?

குறுக்குச்சந்து:
பொங்கலன்னிக்கு தாராவி 90 அடி ரோடு பக்கம் எங்க சந்துல போன்ல பிடிச்ச பறை, ரெண்டரை நிமிஷம் இருக்கு. எஃப்எல் ஸ்டூடியோல (பாட்டு கோக்கிற சாஃப்ட்வேர்) 100 பிபிஎம் புராஜெக்ட். ராப் ஏற்கெனவே 100 கிளிக்குல (தாளத்துக்குக் காதுல ஓடுற டிக் டிக்) பாடி முடிச்சாச்சு. அந்தேரியில மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்துப் பாடினது, திரும்பப் பாட காசில்ல. பறை சாம்பிளோட வேகத்தைக் கண்டுபிடின்னு ஆட்டோடிடெக்ட் கொடுத்தா 141ங்குது. ‘ஃபிட் டு டெம்போ’வுல (சாம்பிளைப் புராஜெக்ட் வேகத்துக்கு இழுக்கிறது) 141 போட்டா பறை தூங்கி வழியுது, சத்தமும் இறங்கி டொம் டொம்முங்குது. எங்க தப்பு?

வார்ப்வாத்தி:
மெஷின் முழுசா தப்பு சொல்லல தம்பி. அது திஸ்ர நடை, தட்டுக்கு மூணு அடி. மெஷின் அதை ரெண்டு ரெண்டா எண்ணிருக்கு. 141ஐ ரெண்டால பெருக்கி மூணால வகு, 94. கையாலயும் ஒருக்கா பாரு: முதல் தட்டுல ஆரம்பிச்சு 17ஆவது தட்டு விழுற இடத்துல நிறுத்து. 16ல நிறுத்தினா 15 தட்டோட நீளம்தான் கிடைக்கும் (நான் ஒரு வருஷம் இந்தத் தப்பைப் பண்ணிட்டு சாஃப்ட்வேரைத் திட்டிக்கிட்டிருந்தேன்). 960ஐ அந்த வினாடியால வகுத்தா பிபிஎம்.
இறங்கினதுக்குக் காரணம், மோட் ‘ரீசாம்பிள்’ல இருக்கு. வேகம் குறைஞ்சா சுருதியும் குறையும். 141ல இருந்து 100ன்னா கிட்டத்தட்ட 6 செமிடோன், அதாவது கீபோர்டுல கறுப்பு வெள்ளை சேர்த்து 6 கட்டை கீழ.

குறுக்குச்சந்து:
அண்ணே, ஆரம்பத்துல 16 தட்டு 10.2 வினாடி, 94தான். ஆனா கடைசில அதே 16 தட்டு 9.3 வினாடி. 103 வருது!

டேப்மாமா:
வராம? பொங்கல் பொங்கும்போது யார் மெதுவா அடிப்பா? அதைத் தொடாதேப்பா. புராஜெக்ட்டை பறைக்கு வளை. தட்டுக்குத் தட்டு டெம்போ மார்க்கர் (இங்க இந்த வேகம்னு ஒரு குறி) வை, கட்டம் தானா பறையோட நகரும். நான் ரீப்பர் சாஃப்ட்வேர்ல அப்படித்தான் பண்றேன். கூட்டத்துக்கு ஏறின வேகத்தை ஸ்க்ரீன்ல இருக்கிற கோட்டுக்காக நறுக்குறது எனக்கு ஒப்பாது.

வார்ப்வாத்தி:
மாமா, குரல் 100ல பாடியாச்சுன்னு அவன் முதல் பதிவுலயே சொல்லிட்டான். புராஜெக்ட்டை வளைச்சா குரலை இழுக்கணும். ராப்புல ‘ட’, ‘க’ எல்லாம் கத்தி மாதிரி விழணும், இழுத்தா மழுங்கும். இழுக்கிறதா இருந்தா பறையை இழு. ஏபிள்டன் சாஃப்ட்வேர்ல வார்ப் மார்க்கர் (அடியைப் பிடிச்சு நகர்த்துற குறி) வச்சு ‘பீட்ஸ்’ மோட் போட்டா அடி விழுற முனை அப்படியே நிக்கும், நடுவுல இருக்கிற வால்தான் நீளும், குறையும்.

டேப்மாமா:
அந்த வால்லதானேப்பா பறையே இருக்கு! அடிக்குச்சி விழுந்தப்புறம் தோல் அதிருதே, அதைத் துண்டு துண்டா திருப்பிப் போட்டு நிரப்பினா தகர டப்பா. 103ஐ 100க்கு மெதுவாக்கும்போது நல்லாவே காதுல விழும். ‘காம்ப்ளெக்ஸ்’ மோட் போட்டா இன்னும் மோசம், ஒரு அடி விழுற இடத்துல கொழகொழன்னு ஒண்ணரை அடி கேட்கும். இழுத்தே ஆகணும்னா சுருதியோட சேர்த்து இழு, டேப்பை வேகமா ஓட்டுற மாதிரி. தீயில காட்டினா பறை ஏறும், ஆறினா இறங்கும். அரை செமிடோன், ஒரு செமிடோன் அதுக்குப் புதுசில்ல.

செம்பூர்ச்செவி:
மாமா சொன்ன அந்தக் கடைசி வரி அழகு, ஆனா இந்த ரெக்கார்டிங்குக்கு ஒத்து வராது. 94ஐ 100க்கு ஏத்தினா ஒரு செமிடோன் மேல போகும். 103ஐ 100க்கு இறக்கினா அரை செமிடோன் கீழ. ஒரே பறை ரெண்டரை நிமிஷத்துல ஒண்ணரை செமிடோன் சரியும். தோல் ஏற்கெனவே ஆறி இறங்கியிருக்கும், நீங்க மேல இன்னும் இறக்குறீங்க. கீழ பேஸ் ஓடுற பாட்டுல அது அபஸ்வரமா கேட்காதா?

டேப்மாமா:
ஏத்துக்கறேன்மா. முழு நீளத்துக்கும் அது சரிவராது. மார்க்கர் விஷயத்துல மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

செம்பூர்ச்செவி:
குறுக்குச்சந்து, முழுசையும் ஏன் இழுக்கிற? 94ல கிளம்பி 103ல நிக்கிற பறை நடுவுல எங்கயாவது 100ஐத் தாண்டித்தானே போயிருக்கும். அந்த இடத்தைத் தேடு. 100ல 16 தட்டுன்னா சரியா 9.6 வினாடி. 9.5ல இருந்து 9.7க்குள்ள ஒரு துண்டு சிக்கினா ஒரு சதவீதம் இழுத்தாப் போதும், எந்த மோடும் தாங்கும். இன்னொண்ணு, வெட்டும்போது ஸ்னாப்பை (வெட்டு போய் ஒட்டிக்கிற கட்டம்) 1/3 பீட்டுக்கு மாத்திடு. சாதாரண கட்டத்துல வெட்டினா திஸ்ரத்தோட மூணாவது அடி நாலாவது கோட்டுல போய் ஒட்டிக்கும், அப்புறம் நடையே நொண்டும்.

வார்ப்வாத்தி:
அக்கா சொல்றது சரி. அதோட ஒரு லோ-கட் (அடிச் சத்தத்தை வெட்டுற ஃபில்டர்) போடு, போன் ரெக்கார்டிங்ல கீழ வெறும் உறுமல்தான் இருக்கும்.

டேப்மாமா:
9.6 வினாடியை வெட்டி மூணு நிமிஷம் சுத்த விடுறதுக்கு பறை எதுக்கு? கடையில லூப் பேக் வாங்கிக்கலாமே. ஒரே ஆள் ஒரே அடியை 18 தடவை ஒரே மாதிரி அடிப்பானா?

செம்பூர்ச்செவி:
ஒரு துண்டுன்னு யார் சொன்னா? பக்கத்துலயே நாலஞ்சு எடுத்து மாத்தி மாத்தி வைக்கட்டும்.

குறுக்குச்சந்து:
ரெண்டு பேர் சொன்னதையும் கலந்துட்டேன். 1:10க்குப் பக்கத்துல மூணு துண்டு கிடைச்சுது: 9.7, 9.6, 9.5. ‘ஸ்ட்ரெட்ச்’ மோட்ல ஒட்டியாச்சு, குறை எதுவும் காதுல விழல. குரல் வர்றதுக்கு முன்னாடி இருக்கிற முதல் 16 தட்டை மட்டும் தொடல. அங்க புராஜெக்ட் டெம்போவை 94ல ஆரம்பிச்சு, குரல் நுழையும்போது 100 வர்ற மாதிரி ஆட்டோமேஷன் போட்டேன், மாமா கணக்கு. ஒரே சிக்கல், ரெண்டாவது துண்டுல யாரோ ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சிருக்கான். ஒவ்வொரு தடவை சுத்தும்போதும் அடிக்கிறான்.

டேப்மாமா:
ஹாரனை எடுக்காதே. முதல் 16 தட்டை மட்டும் எனக்குத் தனியா அனுப்பு.

வார்ப்வாத்தி:
ஹாரனை எடு தம்பி, தயவுசெஞ்சு.