ஐந்தாவது கியர் ஸ்பீடோமீட்டரைப் பொய் சொல்ல வைக்குமா?

மார்க்2:
போன வாரம் அரைகிளட்ச் என்பவர் இந்தக் கார் மன்றத்தில் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1489 சிசி எஞ்சின் இருந்த தம்முடைய பழைய அம்பாசிடரில் இசுசு 1.8 எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றியதாகவும், ஐந்தாவது கியரின் விகிதம் காரணமாக ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டியதாகவும், அதனால் கேபிளை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் மீட்டர் பொருத்துவதைத் தவிர யாருக்கும் வேறு வழியில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். மீட்டரை மாற்றியது அவர் விருப்பம். ஆனால் சொன்ன காரணம் தவறு. ஸ்பீடோமீட்டரின் கேபிளைச் சுற்றும் சிறு பல்சக்கரமான ஸ்பீடோ பினியன் கியர்பாக்ஸின் வெளித்தண்டில், அதாவது கியர்கள் எல்லாம் முடிந்த பிறகு, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் தண்டில், கடிக்கிறது. வண்டி எந்தக் கியரில் போனாலும் ஒரு கிலோமீட்டருக்கு அந்தத் தண்டு சுற்றும் சுற்று மாறாது. புதிதாக வருகிறவர்கள் இதைத் தவறாகப் படித்துக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அரைகிளட்ச்:
புத்தகத்தில் படித்ததை எழுதுகிறவருக்கும் ஸ்டியரிங் பிடித்துப் பார்த்தவருக்கும் வேறுபாடு உண்டு. கைப்பேசி ஜிபிஎஸ் 80 காட்டியபோது என் மீட்டர் 68 காட்டியது. அது ஐந்தாவது கியரில்தான் நடந்தது. நான்கு கியர் இருந்த காலத்தில் இந்தக் குறை இல்லை. ஐந்தாவது கியர் வந்தது, குறை வந்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

மார்க்2:
ஐந்தாவது கியர் மட்டும் தனியாக வரவில்லை, ஒரு முழுப் பெட்டியே வந்தது. அந்தப் பெட்டிக்குள் ஸ்பீடோவுக்கான வார்மும் (பினியனைச் சுற்றும் திருகுப் பல்) பினியனும் வேறு பல் எண்ணிக்கையோடு வந்தன. எந்த வண்டிக்காக அந்தப் பெட்டி செய்யப்பட்டதோ, அந்த வண்டியின் டயருக்கும் பின் அச்சின் பல்சக்கரங்களான க்ரவுன் பினியனுக்கும் மீட்டருக்கும் பொருந்துமாறு அந்தப் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அதை உங்கள் பின் அச்சிலுள்ள பழைய டிஃபரன்ஷியலோடும் 15 அங்குல டயரோடும் பழைய மீட்டரோடும் சேர்த்தால் கணக்கு தப்பாமல் என்ன செய்யும்? 80க்கு 68 என்றால் நூற்றுக்குப் பதினைந்து குறைவு. அதே குறைவு இரண்டாவது கியரில் 30 போகும்போதும் இருந்திருக்கும். அப்போது முள் 25ஐத் தாண்டி நின்றிருக்கும், நகரத்து நெரிசலில் அந்த நான்கரை கிலோமீட்டரை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஐந்தாவது கியரில்தான் தெரிந்தது என்றால், ஐந்தாவது கியரில்தான் பார்த்தீர்கள் என்று பொருள்.

ஒண்டிப்புதூர் லேத்:
இருவருக்கும் வணக்கம். வாய்ச்சண்டையை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். கேபிளை மீட்டரின் பின்பக்கத்திலிருந்து கழற்றி, உள்கம்பியின் சதுர முனையில் சிறு காகிதக் கொடி ஒன்றை ஒட்டி, தரையில் சாக்பீஸால் பத்து மீட்டர் கோடு போட்டு, வண்டியை நியூட்ரலில் தள்ளிக்கொண்டே கொடி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். நூறால் பெருக்கினால் ஒரு கிலோமீட்டருக்கான சுற்று கிடைத்துவிடும். ஜப்பானிய முறையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 637 சுற்று, அதாவது கிலோமீட்டருக்கு 637. பத்து மீட்டருக்கு ஆறேகால் சுற்றைச் சற்றே தாண்ட வேண்டும். ஐந்தரைதான் வருகிறது என்றால் பினியனை மாற்றுங்கள், இல்லையென்றால் கேபிளின் நடுவே, சுற்று எண்ணிக்கையை மாற்றித் தரும் ஒரு ரேஷியோ பாக்ஸைப் போடுங்கள்.

மார்க்2:
ஐயா சொன்னதில் ஒன்றைக் கவனியுங்கள்: வண்டியை நியூட்ரலில் தள்ளினாலும் கொடி சுற்றுகிறது. எந்தக் கியரிலும் இல்லாதபோது சுற்றுகிற கேபிளுக்கு ஐந்தாவது கியர் எப்படிக் காரணமாகும்? இதற்கு அரைகிளட்ச் பதில் சொல்லட்டும்.

ஆனால் 637 என்பதை எல்லா மீட்டருக்கும் பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. பழைய ஆங்கிலேய வழி மீட்டர்களில் முகப்பின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அது ஒரு மைலுக்கு இத்தனை சுற்று என்பதைக் குறிக்கும், வண்டிக்கு வண்டி அது வேறு. முதலில் அந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும்.

ஒண்டிப்புதூர் லேத்:
நான் ஜப்பானிய முறையில் என்று தெளிவாகத்தான் எழுதினேன். முழுவதையும் படிக்காமல் திருத்த வருவது உங்கள் பழைய வழக்கம். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடும் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

மார்க்2:
அந்த விவாதத்தில் நான் சொன்னதே சரி. பழைய பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருப்பது) உண்டு, அதைப் பார்க்காமல் இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும் என்று எழுதினேன். அந்த எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். எலெக்ட்ரானிக் ஸ்பீடோவுக்குப் பொருத்தும், காந்தத்தைக் கொண்டு சுற்றை எண்ணும் ஹால் சென்சாரை எர்த் மாறிய வண்டியில் இணைத்தால் ஒரு நொடிகூடத் தாங்காது.

அரைகிளட்ச்:
என் வண்டி நெகட்டிவ் எர்த், சென்சார் நன்றாகவே வேலை செய்கிறது. கேபிள் வரும் துளையிலேயே அதைத் திருகினேன். ஒரு சுற்றுக்கு நான்கு மின் துடிப்பு. புதிய மீட்டரில் பொத்தானை அழுத்திப் பிடித்து, கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை ஓட்டி நிறுத்தினேன், அது தானே எண்ணிக்கொண்டது. இப்போது ஜிபிஎஸ் 80 என்றால் மீட்டர் 81. முள் ஆடுவதில்லை, கேபிளுக்குக் கிரீஸ் வேண்டியதில்லை. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் உத்தர்பாராவில் நின்ற பிறகு சரியான பல் எண்ணிக்கையில் பினியன் தேடி எத்தனை பழைய இரும்புக் கடை ஏறி இறங்குவது? ஐந்தாவது கியரால் வந்த குறையை ஐந்தாவது கியரிலேயே தீர்த்துவிட்டேன்.

மார்க்2:
மறுபடியும் ஐந்தாவது கியர். நீங்கள் சென்சாரைத் திருகிய துளையும் அதே வெளித்தண்டைப் பார்க்கும் துளைதான். ஐந்தாவது கியரால் கேபிள் பொய் சொல்லியிருந்தால், அதே இடத்திலிருந்து எண்ணும் சென்சாரும் ஐந்தாவது கியரில் பொய் சொல்ல வேண்டும், மற்ற கியர்களில் உண்மை சொல்ல வேண்டும். சொல்லவில்லையே! அது தீர்த்தது பினியன் பல்லின் தவறை; ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததால் தீர்ந்தது.

மீட்டருக்குள் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது, அதைத் தொடாமலே ஓர் அலுமினியக் கிண்ணம் இழுபடுகிறது, மயிரிழை போன்ற ஸ்பிரிங் அதைத் தடுத்துப் பிடிக்கிறது, முள் நகர்கிறது. ஐம்பது ஆண்டு பேட்டரி இல்லாமல் ஓடும் இந்தக் கருவியை, தவறான காரணத்தைச் சொல்லித் தூக்கி எறியச் சொல்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

மதுரை வாகனன்:
இடையில் ஒரு சொல். ஐ.நா.வின் 39ஆம் ஒழுங்குமுறைப்படி மீட்டர் உண்மையான வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டினால் நூற்றுக்குப் பத்தோடு இன்னும் 4 கிலோமீட்டர் வரை பொறுக்கலாம். எப்படி மாற்றினாலும் முள் கீழே நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினையே மாற்றியவர், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி ஆர்.சி. புத்தகத்தில் பதிந்தாரா என்பதையும் சொல்ல வேண்டும்.

அரைகிளட்ச்:
என் ஆர்.சி. புத்தகத்தை உங்களிடம் காட்ட வேண்டிய கடமை எனக்கில்லை.

மதுரை வாகனன்:
பழைய மீட்டரில் ஓடியிருந்த கிலோமீட்டர் கணக்கு என்ன ஆனது? நாளை வண்டியை வாங்குகிறவரிடம் புது மீட்டரின் 900 கிலோமீட்டரையா காட்டுவீர்கள்? இதே காரணத்துக்காக ஒருவரோடு நான் ஒரு மாதம் சண்டையிட்டிருக்கிறேன்.

மார்க்2:
ஆர்.சி., விற்பனை எல்லாவற்றையும் தனியாகப் பேசுங்கள். நான் கேட்பது ஒரே சோதனை. பழைய கேபிளையும் மீட்டரையும் திரும்பப் பொருத்தி, ஜிபிஎஸ் 50 காட்டும்படி மூன்றாவது கியரிலும், நான்கிலும், ஐந்திலும் ஓட்டுங்கள். மூன்றிலும் முள் ஒரே இடத்தில் நின்றால் நான் சொன்னது சரி. ஐந்தில் மட்டும் இறங்கினால் இனி இந்தப் பக்கம் எழுத மாட்டேன்.

அரைகிளட்ச்:
கேபிளை வெட்டி எடுத்தாயிற்று, மீட்டரும் பழைய இரும்புக்குப் போயாயிற்று. என் கண்ணால் கண்டதைச் சோதனை செய்து காட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஐந்தாவது கியரில் 68 காட்டியது.

ஒண்டிப்புதூர் லேத்:
கேபிள் என்னிடம் இருக்கிறது. மார்க்2 முதலில் 637ஐப் பற்றி என்னிடம் தவறாகச் சொன்னதைத் திரும்பப் பெறட்டும், பிறகு தருகிறேன்.

மார்க்2:
திரும்பப் பெற அதில் ஒன்றும் இல்லை. மீட்டர் என்னிடமே ஒன்று உபரியாக இருக்கிறது, கேபிளையும் நானே வாங்கிக்கொள்வேன். அரைகிளட்ச் வண்டியைக் கொண்டுவரும் நாளைச் சொல்லட்டும். பத்து மீட்டர் தள்ளுவதற்கு நான் ஒருவனே போதும்.

அரைகிளட்ச்:
தள்ளுவதற்கு ஐந்தாவது கியர் எதற்கு? ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.