குட்டி விற்பவருக்கும் மீட்புக் குழுவுக்கும் ஒரே லைசென்ஸா?

தேவி, சாட்ஸ்வொர்த்:
தென்னாப்பிரிக்காவில், நம் குவாஸுலு-நடால் மாகாணத்தில் நாய்க்குட்டி விற்பவருக்கும் மீட்புக் குழுவுக்கும் லைசென்ஸ் கட்டாயம் ஆக வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கடை, ப்ரீடர் (நாய்களை இனப்பெருக்கம் செய்து குட்டி விற்பவர்), காப்பகம், கைவிடப்பட்ட நாய்களை மீட்டுத் தத்துக் கொடுக்கும் மீட்புக் குழு எல்லாமே ஒரே சட்டத்துக்குள் வருகின்றன. நம் 1962ஆம் ஆண்டு விலங்கு பாதுகாப்புச் சட்டம் கொடுமை செய்தவரைத் தண்டிக்கும். குட்டி விற்க நாடு தழுவிய லைசென்ஸ் எதுவும் இல்லை.

மூர்த்தி, டொங்காட்:
தேவி, என்னிடம் இரண்டு பெட்டை ஜெர்மன் ஷெப்பர்டு இருக்கின்றன. ஊசி, டாக்டர் செலவு எல்லாம் என் கையிலிருந்துதான். லைசென்ஸ் வந்தால் விலாசம் உள்ள என்னைத்தான் பிடிப்பார்கள். பக்கி என்னும் பிக்கப் வண்டியின் பின்னால் குட்டிகளை வைத்து ரோட்டோரம் விற்பவன் விண்ணப்பமா போடப் போகிறான்? மிசௌரியில் 2010இல் மக்கள் வாக்களித்து, ஒரு ப்ரீடர் 50 நாய்க்கு மேல் வைக்கக் கூடாது என்றார்கள். மறு வருடமே சட்டமன்றம் அதை எடுத்துவிட்டது.

தேவி, சாட்ஸ்வொர்த்:
எடுத்தது எண்ணிக்கையைத்தான், அண்ணா. ஆண்டுக்கு ஒரு முறை டாக்டர் நாயைத் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும், கூண்டில் இவ்வளவு இடம் வேண்டும் என்ற விதிகள் நீக்கப்படாமல் இருக்கின்றன. எனக்கு வேண்டியதும் அவைதான்.

சரோ, ஃபீனிக்ஸ்:
ப்ரீடரைப் பற்றி நீங்கள் பேசுங்கள். எங்களை ஏன் இழுக்கிறீர்கள்? தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடி, கால் நகம் தேய்ந்து ரத்தம் வடிய நிற்கும் நாயை ராத்திரி யார் வீட்டில் வைக்கிறார்கள்? எங்கள் பெண்கள்தான், அவர்கள் கொல்லைப்புறத்தில். சிமெண்ட் தரை, வடிகால், கட்டணம் என்று கேட்டால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். அப்புறம் அந்த நாய் எங்கே போகும்?

தேவி, சாட்ஸ்வொர்த்:
சரோ அக்கா, உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கலிபோர்னியாவில் நடந்ததைப் பாருங்கள். 2019 முதல் கடைகள் மீட்புக் குழு, காப்பகங்களிடமிருந்து மட்டுமே நாய் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. உடனே வியாபாரிகளே மீட்புக் குழு என்று காகிதத்தில் பெயர் வைத்து, பண்ணைக் குட்டிகளைக் கடைக்கு அனுப்பினார்கள். அந்த ஓட்டையை அடைக்க 2021இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. இங்கே விலங்குக் கொடுமைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏவுக்கு 1993லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மற்றக் குழுக்களை யார் பார்க்கிறார்கள்? என் தங்கை ஒரு குழுவிடம் தத்தெடுத்த பெட்டைக்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அட்டையில் எழுதியிருந்தது. வயிற்றில் தழும்பே இல்லை. அது ஆறு குட்டி போட்டது.

கந்தன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
ஒன்று கவனிக்க வேண்டும். நம் அரசியலமைப்பில் நாய் லைசென்ஸும் விலங்குகளைத் தங்கவைக்கும் இடங்களும் நகராட்சியின் பொறுப்பு. விலங்கு நோய் தேசத்துக்கும் மாகாணத்துக்கும் பொது. கொலராடோ சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, நகராட்சி துணைவிதி வழியாகத்தான் போக வேண்டும். கேப் டவுன் நகராட்சி 2021இல் விலங்கு வளர்ப்புக்குப் புதுத் துணைவிதி போட்டது. நம் மாகாணத்தில் ரேபிஸ் வேறு இருக்கிறது, தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். ஊசி அட்டையும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் இல்லாமல் எந்த நாயும் கை மாறக் கூடாது. விற்றாலென்ன, தத்துக் கொடுத்தாலென்ன?

மூர்த்தி, டொங்காட்:
சரி, அதற்கு நான் சம்மதம். ஆனால் விளம்பரம் ஒவ்வொன்றிலும் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும், இல்லாத விளம்பரத்தை எடுக்க வேண்டும். அப்போதுதான் பக்கிக்காரன் மாட்டுவான். அது இல்லாமல் நான் ஒரு ராண்டு கூடக் கட்டமாட்டேன்.

சரோ, ஃபீனிக்ஸ்:
சிப், அட்டை எல்லாம் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு மூன்று நாய் வைக்கும் வீட்டுக்குப் பதிவு மட்டும் போதும், கட்டணம் வேண்டாம். முன்னறிவிப்பில்லாமல் ஆய்வாளர் கதவைத் தட்டுவதற்கு நான் ஒப்பமாட்டேன். அது ஒரு பெண் தனியாக இருக்கும் வீடு.

தேவி, சாட்ஸ்வொர்த்:
கட்டணம் வேண்டாம் என்பது சரி, அக்கா. பெண் ஆய்வாளரை அனுப்பச் சொல்லிக் கேட்போம். ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்குக் கூண்டு சுத்தமாகத்தான் இருக்கும். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.