யாரும் பார்க்காதபோது தராசை நேராகப் பிடிப்பது எது?

மளிகை அண்ணாச்சி:
22 வருசமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கிலோவுக்கு 20 கிராம் பருப்பைக் குறைத்தால் எந்த வீட்டிலும் தெரியாது. கடன் நெருக்கிய மாதங்களில் அந்த நினைப்பு எனக்கும் வந்திருக்கிறது. கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் முருகன்தான் கையைப் பிடித்தான். சாமி இல்லை என்கிறவர்களிடம் சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். உங்கள் கையைப் பிடிப்பது எது?

பால்காரர் மகள்:
அண்ணாச்சி, எங்க அப்பா ஊர்ப் பால் சங்கத்தில் பால் அளந்தவர். கறுப்புச் சட்டைக்காரர், கடைசிவரை சாமி கும்பிடாதவர். அளக்கிற படியில் வழிய ஊற்றினால் வழிகிற பால் கொண்டுவந்தவர் கணக்கில் ஏறாது, கேனில் சேர்ந்துவிடும். காலையில் முப்பது பேருக்கு அப்படி ஊற்றினால் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். அப்பா ஒருநாளும் வழியவிட்டதில்லை. ஏன் என்று சின்ன வயதில் கேட்டேன். "ஒத்தை மாட்டை வெச்சுப் பேரனைப் படிக்க வைக்குதே அந்தக் கிழவி, அது வயித்துல இருந்துல்ல எடுக்கணும்" என்றார். அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் ஒன்று வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

புறநானூறு 134 அவருக்கு மனப்பாடம். "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆமெனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்" என்று வள்ளல் ஆய் அண்டிரனைப் புலவர் முடமோசியார் பாடியது. மறுபிறவிக்குச் சேர்த்துவைக்கச் செய்கிற தருமத்தை வியாபாரம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, அந்தப் பாட்டு மறுமை இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகச் செய்வதைத்தான் ஒதுக்குகிறது. அடுத்த அடியையும் படியுங்கள்: "சான்றோர் சென்ற நெறியென". முன்னோர் நடந்த வழி என்பதால் ஆய் கொடுத்தான். அந்த வழியைப் போட்டவர்களில் பக்தர்களும் உண்டு.

மளிகை அண்ணாச்சி:
தங்கச்சி, உங்க அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தக் கிழவியை அவருக்குத் தெரியும். முகமே தெரியாதவனுக்கு? வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. யார் எவர் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். எல்லா உயிரிலும் ஆண்டவனைப் பார்த்தவர் செய்த வேலை அது.

பால்காரர் மகள்:
வடலூர் சோற்றை நானும் சாப்பிட்டிருக்கிறேன், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். முகம் தெரியாதவர் என்றீர்கள். அப்பா இறந்த ராத்திரி, முதலில் கண் வங்கிக்குத்தான் போன் செய்தோம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அழக்கூட நேரமில்லை. அந்தக் கண் யாருக்குப் போனது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. அது அப்பாவுக்குத் தெரியும், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார். தனக்குச் சொர்க்கம் உண்டு என்று அவர் நம்பவும் இல்லை.

ஒன்று கேட்கிறேன் அண்ணாச்சி. முருகன் படத்தை எடுத்துவிட்டால் மறுநாள் எடையைக் குறைப்பீர்களா? மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

மளிகை அண்ணாச்சி:
மாட்டேன் தங்கச்சி. 22 வருசத்தில் கை பழகிவிட்டது. ஆனால் கடன்காரன் வாசலில் நின்ற அந்த முதல் ராத்திரியில் எந்தக் கிழவி முகமும் எனக்கு ஞாபகம் வரவில்லை. முருகன் முகம்தான் வந்தது. அதை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.