புதுப்பிப்பு: சிங்க் ஜன்னலுக்கு அடியிலேயே வந்துவிட்டது

சமையலறையில் கிழக்கு ஜன்னலுக்கு அடியில் சிங்க் வைக்கலாமா, பக்கத்துச் சுவருக்குத் தள்ளலாமா என்று போன மாதம் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது.

மேடை உயரம் 33 அங்குலம், ஜன்னல் 42-ல் தொடங்குகிறது. நடுவே வெறும் 9 அங்குலச் சுவர். அதில் குழாய் பதித்தால் குடம் அடியில் நுழையாது என்று எச்சரித்தீர்களே, அளந்து பார்த்தபோது அதுதான் உண்மை. அதனால் மேடையிலேயே நிற்கிற, கழுத்து உயர்ந்த குழாய் வாங்கினோம். ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பதால் அதில் இடிக்கவில்லை. உள்பக்கம் திறக்கும் ஜன்னல் என்றால் இந்தக் குழாய் வேண்டவே வேண்டாம்.

கொத்தனார் சிங்க்கை ஜன்னலின் நடுவுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். நான் 4 அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினேன். கழுவிய பாத்திரம் கவிழ்க்க வலப்பக்கம் இடம் வேண்டாமா? ஜன்னல் திட்டில் கிரானைட் பதித்து, தெறிக்கும் தண்ணீர் சிங்க்குக்கே திரும்பும்படி லேசாக வாட்டம் கொடுத்தோம். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

இன்று காலை ஏழு மணிக்கு அம்மா அரிசி களைந்தார். விளக்கே போடவில்லை. மேலே மிதந்த ஒற்றை வண்டு பளிச்சென்று தெரிந்தது.

கொசுவலை இன்னும் அடிக்கவில்லை, அடுத்த வாரம்.