வீட்டு குரூப்: கே1000-ல முதல் ரோல்

இனியா: சித்தப்பா, பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமராவுக்கு புது எல்ஆர்44 பட்டன் பேட்டரி போட்டேன். வியூஃபைண்டர்ல ஊசி அசையவே இல்ல. வெளிச்சம் அளக்கிற மீட்டர் போயிடுச்சா?

சேகர் சித்தப்பா: அவசரப்படாதம்மா. அடியில இருக்கிற மூடிய ஒரு காசு வச்சு திருகித் திற. பேட்டரியோட + பக்கம் வெளிய பாத்து இருக்கணும்.

சேகர் சித்தப்பா: சரியாத்தான் இருக்குன்னா மூடிக்கு உள்பக்கம் பாரு. பச்சையா பூத்திருக்கா?

இனியா: ஆமா! விளிம்பு பூரா பச்சை.

சேகர் சித்தப்பா: பழைய பேட்டரி கசிஞ்சிருக்கு. காதுக்குச்சி பஞ்சுல துளி வினிகர் தொட்டுத் தேய். அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுக் காயவிடு. குழிக்குள்ள ஈரம் சொட்டக் கூடாது.

கதிர் அண்ணா: முடிச்சதும் ஐஎஸ்ஓ (ஃபிலிமோட ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் டயல் பி-ல (பட்டன அமுக்கற வரைக்கும் திறந்தே இருக்கும்) வச்சு லென்ஸ் மூடிய எடுத்துட்டுப் பாரு. ஊசி உச்சிக்குப் போய் நின்னா பேட்டரி நல்லா இருக்குன்னு அர்த்தம்.

இனியா: ஏறிடுச்சு அண்ணா!!

கதிர் அண்ணா: இதுல மீட்டருக்கு சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடிதான் சுவிட்ச். மூடாம மேசையில வச்சா பேட்டரி தீந்துக்கிட்டே இருக்கும்.

சேகர் சித்தப்பா: தீந்தாலும் படம் எடுக்கலாம். ஷட்டர் வேகம் 1 செகண்ட்ல இருந்து 1/1000 வரை எல்லாமே ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். 1976-ல இருந்து 1997 வரை இதையே தயாரிச்சாங்க, போட்டோகிராபி படிக்கிற பிள்ளைங்க கையில அதிகம் இருந்த கேமரா. மீட்டர் இல்லன்னா நல்ல வெயில்ல லென்ஸ் துவார அளவு எஃப்16, ஐஎஸ்ஓ 200 ஃபிலிமுக்கு ஷட்டர் 1/250. மேகம் மூடினா எஃப்8.

மாலதி அத்தை: ஃபிலிம் போடறதுக்கு முன்னாடி பின்கதவு காடியில இருக்கிற ஸ்பாஞ்சையும் மிரருக்கு மேல இருக்கிற ஸ்பாஞ்சையும் தொட்டுப் பாரு இனியா. விரல்ல தார் மாதிரி ஒட்டினா மாத்தணும். கதவுல இருக்கிறது போனா வெளிச்சம் புகுந்து படத்துல ஆரஞ்சுக் கீத்து விழும். மிரர் ஸ்பாஞ்ச் உளுத்தா மிரர் மேலயே ஒட்டிக்கும், வியூஃபைண்டர் இருட்டாயிடும்.

மாலதி அத்தை: சுரண்டும்போது கேமராவ கவுத்துப் பிடி, துகள் கீழ விழட்டும். ஃபோகஸ் கண்ணாடி பிளாஸ்டிக், ஆல்கஹால் படவே கூடாது. ஷட்டர் துணியில விரல் வைக்காத.

இனியா: கதவு ஓரம் ஒட்டுது அத்தை. மிரர் பக்கம் சரியா இருக்கு.

கதிர் அண்ணா: கதவு திறந்திருக்கும்போதே இன்னொண்ணு பாத்துடு. லென்ஸ கழட்டு, 1/1000 வச்சு வெள்ளைச் சுவரைப் பாத்து அடி. பின்னாடி இருந்து பாத்தா ஃபிலிம் கட்டம் முழுசா பளிச்னு தெரியணும். ஒரு ஓரம் இருட்டினா ஷட்டர் திரை மந்தமா ஓடுது. அப்ப 1/250-க்கு மேல போகாத, சர்வீஸ் பண்ற வரைக்கும்.

இனியா: முழுசா தெரியுது. ஃபிலிம் எப்படி அண்ணா?

கதிர் அண்ணா: ஃபிலிமோட நாக்கு மாதிரி நீட்டின நுனிய வலது பக்க ஸ்பூல் (ஃபிலிம் சுத்திக்கிற உருளை) பிளவுல சொருகு. ரெண்டு ஓரத் துளையும் பல்லுல உக்காந்திருக்கான்னு பாத்துட்டு மூடு. ரீவைண்ட் குமிழை (ஃபிலிம திரும்பச் சுத்தற குமிழ்) திருப்பி, தொங்கற ஃபிலிம விறைப்பாக்கு. அப்புறம் ஃபிலிம நகத்தற லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் எதிர்ப்பக்கமா சுத்துதான்னு பாரு. சுத்தலன்னா ஃபிலிம் நகரல. 36 படமும் வெறும் காத்துதான். எத்தனாவது படம்னு காட்டற கவுண்டர் எண்ண நம்பாத, ஃபிலிமே இல்லாட்டியும் அது ஓடும்.

சேகர் சித்தப்பா: ஷட்டர் டயலோட வெளி வளையத்தத் தூக்கித் திருப்பி ஐஎஸ்ஓ வை. ஃபிளாஷ்னா 1/60, அதுக்கு மேல போனா பாதிப் படம் கறுப்பு.

மாலதி அத்தை: எடுக்காதப்ப லீவரை இழுத்து வைக்காத. பட்டனுக்குப் பூட்டு இல்ல, பையில அழுந்தி ஒரு படம் போயிடும்.

இனியா: ரோல் முடிஞ்சதும்?

கதிர் அண்ணா: லீவர் பாதியில நின்னா பலம் போடாத, துளை கிழியும். அடியில இருக்கிற சின்னப் பட்டனை உள்ள அமுக்கிட்டு குமிழை அம்புக்குறிப் பக்கம் மெதுவா சுத்து. கை கனமாவே இருக்கும். திடீர்னு விட்டு லேசாகும் பாரு, அதுக்கப்புறமும் நாலு சுத்து சுத்திட்டுத்தான் கதவத் திறக்கணும்.