போரை அறிவித்தவர் களத்துக்குப் போக வேண்டுமா?

பால்மரம் (சுங்கை சிப்புட்):
தான் தொடங்கும் போரில் தலைவரே போய்ச் சண்டை போட வேண்டும் என்று சட்டம் வரட்டும், பாதிப் போர் நடக்காது. சயாம் மரண ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் பர்மாவில் சண்டை போட 415 கிலோமீட்டர் தண்டவாளம் தேவைப்பட்டது. அதைப் போட மலாயாவில் நம் ரப்பர் தோட்டங்களில் ஆள் பிடித்தார்கள். 1942, 43-இல் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தோக்கியோவில் உத்தரவு போட்டவன் ஒரு கட்டையாவது தூக்கினானா?

ஒட்டுக்கடை:
தம்பி, கோபம் சரி. ஆனால் அப்போதைய ஜப்பான் பிரதமர் தோஜோவே ராணுவ ஜெனரல். ஹிட்லர் முதல் உலகப் போரில் அடிபட்ட சிப்பாய். களத்தைக் கண்ணால் கண்டவர்கள்தான் அடுத்த போரைத் தொடங்கினார்கள்.

பால்மரம்:
அது பழைய போர், அண்ணே. தான் தொடங்கியதில் தன் உயிரே போகும் என்றால் யோசிப்பான். நம் ராஜாக்கள் அப்படித்தானே? தக்கோலம் போரில் ராஜாதித்த சோழன் யானை மேலேயே உயிர் விட்டான்.

ஒட்டுக்கடை:
949-இல் அவன் செத்ததும் என்ன ஆனது? தொண்டை மண்டலம் எதிரி ராஷ்டிரகூடர் கைக்குப் போனது. இன்னொன்று சொல்கிறேன். 1870-இல் பிரெஞ்சுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியன் ஜெர்மானிய அரசான பிரஷ்யா மீது போர் அறிவித்து, உடம்பு முடியாத நிலையிலும் படையோடு போனான். செடானில் பிடிபட்டான். அத்தோடு முடிந்ததா? பாரிஸ் குடியரசை அறிவித்துத் தொடர்ந்து சண்டை போட்டது. முற்றுகையில் சனம் எலியைத் தின்றது. அப்புறம், முன்னால் நிற்கும் தலைவனைப் பார்த்தால் கூட்டம் இன்னும் வேகமாகப் பின்னால் ஓடும். 'இந்தப் போர் எதற்கு?' என்று அவனிடம் யார் கேட்பார்? எனக்குப் பயமே அதுதான்.

லயத்து வீடு:
சனத்தைக் கேட்க வேண்டும், அண்ணே. நாட்டை யாரும் தாக்காதவரை பொது வாக்கெடுப்பு இல்லாமல் போர் அறிவிக்கக் கூடாது என்று அமெரிக்காவில் லட்லோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். 1938-இல் அதை விவாதத்துக்கு எடுக்கவே 209-188 என்று மறுத்துவிட்டார்கள். அவ்வளவு நெருங்கி வந்தது.

பால்மரம்:
அக்கா, 1942-இல் தோட்டத்துச் சனத்துக்கு எங்கே வாக்கு? போரை அறிவித்தது தோக்கியோ, அதுவரை ஆண்டது லண்டன். அங்கே வாக்கெடுப்பு வைத்திருந்தாலும் நம் ஆளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் தலைவனையே வரச் சொல்கிறேன்.

லயத்து வீடு:
தோஜோவே துப்பாக்கியோடு பர்மாவுக்கு வந்திருந்தாலும் தண்டவாளம் போட ஆள் வேண்டியிருக்கும், தம்பி. அவர்கள் நம் தோட்டத்து லயத்துக்குத்தான் வந்திருப்பார்கள்.